மஞ்சள் கூடைக்கு நீ அடித்த பூச்சு

தம்பி,

நேற்றுக் காலை நானும் உன் அப்பாவும் கமலம் அக்கா வீட்டுக்குப் போனோம். இந்தத் தைப்பூசத்துக்கு அவர் மகன் சரவணன் முதுகில் கொக்கி மாட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழங்கள் என் கடையில் வாங்கியவை, அவற்றின் மேல் இறால் ஓட்டிலிருந்து எடுத்த பூச்சு இருந்தது, அடித்தவன் என் மகன், சைவம் என்று சொல்லி விற்றவள் நான் என்று சொல்லிவிட்டு வந்தேன். போகாதீர்கள் என்று நீ சொன்னாய். போனால் கடைப் பக்கமே வரமாட்டேன் என்றாய். நான் செருப்பை மாட்டுவதற்கு முன்பே துணிமணிகளை எடுத்துக்கொண்டு உன் கூட்டாளி இருக்கும் நிபோங் திபாலுக்குக் கிளம்பியும் விட்டாய். போனில் கூப்பிட்டால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் மிஷின் மேல் எனக்குக் கோபம் என்று நீ நினைத்தால் அது தப்பு. பாயான் லெபாஸ் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வருகிறேன் என்று நீ சொன்ன அன்று ஜெலுத்தோங் பாசாரில் நான் சொல்லாத ஆள் கிடையாது. அதுவரை நாம் செய்ததெல்லாம் என்ன? மெழுகுத் தண்ணீர்த் தொட்டியில் பழத்தை முக்கி எடுப்போம். காம்புக் குழியில் தண்ணீர் தங்கும், இரண்டே நாளில் அங்கேயே அழுகும். தொட்டியில் மிஞ்சியது சாக்கடைக்குப் போகும். நீ பின்னறையைக் காலி செய்து ஓடும் உருளைகளைப் போட்டாய். சாக்கடை ஓரத்தில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, செம்புக் கம்பியால் உருளைகளை அதோடு சேர்த்தாய். பூச்சு மருந்து தெளிப்புத் துப்பாக்கி வாயிலிருந்து பனி மாதிரி வரும்போதே அதற்குக் கரண்டு ஏறிவிடும், துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி விலகிப் பழத்தைத் தேடிப் போகும் என்று சொன்னாய். நான் நம்பவில்லை. முதலில் ஓர் எலுமிச்சம்பழத்தை நைலான் நூலில் தொங்கவிட்டு அடித்தாய். கொஞ்சம் ஒட்டியது, மற்றதெல்லாம் பழத்தை விட்டு விலகிப் போனது. பிறகு அதே மாதிரி இன்னொரு பழத்தை உருளை மேல் வைத்து அடித்தாய். துப்பாக்கி பார்க்காத பின்பக்கமும் பளபளவென்று நனைந்திருந்தது. “முன்னால நின்னு அடிச்சா முதுகு எப்படிடா நனையுது?” என்று கேட்டேன். “அது தானா சுத்திப் போய்ப் பிடிச்சிக்கும், மா. பழத்துக்கு எர்த் மட்டும் இருந்தா போதும்” என்றாய்.

ஒரு நாள் அந்தச் செம்புக் கம்பி கழன்று கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. ஈரச் சிமெண்டில் வெறுங்காலோடு பக்கத்தில் நின்றது நான்தான். பனி முழுக்கப் பழத்தை விட்டுவிட்டு என் கைக்கும் வளையலுக்கும் வந்து சேர்ந்தது, சுருக்கென்று ஒரு கடி வேறு. நீ பயந்துபோய் சுவிட்சை அணைத்தாய். உன் அப்பா வாசலில் நின்றபடியே, “விடு, உங்கம்மா இன்னும் பத்து நாளைக்கு வாடாம இருப்பா” என்றார். மூன்று பேரும் எவ்வளவு சிரித்தோம். அந்தச் சிரிப்பு நடந்தபோதும் தொட்டியில் இருந்தது அதே மருந்துதான் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

இலாபம் வந்ததை நான் மறைக்க மாட்டேன். நன்றாகவே வந்தது. கொய்யா நாலு நாளில் சுருங்கியது போய், வாரம் தாண்டியும் கடித்தால் மொறுமொறுவென்று இருந்தது. எலுமிச்சையின் கதை உனக்கே தெரியும். தைப்பூசம் நெருங்க நெருங்க அதன் விலை ஏறும். முன்கூட்டி வாங்கி வைத்தால் தோல் காய்ந்து மஞ்சளாகி, கொக்கியில் மாட்டவே முடியாத மாதிரி இறுகிவிடும். நீ அடித்த பூச்சில் அது பறித்த அன்று இருந்த பச்சையிலேயே நின்றது. விலை குறைவாக இருந்தபோதே நாம் வாங்கி அடுக்கினோம். மற்ற கடைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது நம் கூடை நிறைந்திருந்தது. என் பிள்ளையின் படிப்பு கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அந்த நடையை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.

மஞ்சள் கூடை என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள், அதனால் எழுதுகிறேன். பூச விரதம் தொடங்கும் அன்று கடையின் இடது பக்கக் கூடைகளுக்கு மஞ்சள் துணி கட்டுவேன். அந்தக் கூடையை விரதம் இருப்பவர்தான் தொடலாம். அந்தப் பக்கம் மீன் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கக் கூடாது. அந்தக் கத்தி வேறு எதையும் வெட்டாது. யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, வியாபாரத்துக்காக நானே வைத்துக்கொண்ட வழக்கம். தீவில் பழக்கடைக்குப் பஞ்சமில்லை. தட்டு வண்டியோடு தொடங்கிய ஒருத்தியிடம் ஜனங்கள் ஏன் வர வேண்டும்? விரதக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஓர் இடம் இருந்தால் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன், வந்தார்கள். கணக்காகத் தொடங்கியது போகப் போக என் சத்தியமாகிவிட்டது. மற்ற மாதங்களில் நம் வீட்டில் இறால் சம்பல் இல்லாத ஞாயிறு உண்டா? உன் அப்பா சட்டியை வழித்துத்தான் எழுந்திருப்பார். இறால் மேல் எனக்கு என்ன பகை? ஒரு மண்டலம் அதைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டால் தொடமாட்டோம், அவ்வளவுதான்.

நீ நாலாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் பள்ளி கேண்டீனில் மீன் உருண்டை போட்ட மீ நூடுல்ஸ் தின்றுவிட்டு, நேராக வந்து மஞ்சள் கூடையில் கை விட்டுவிட்டாய். யாரும் பார்க்கவில்லை. நான் கல்லாவில் இருந்தேன். நீயே வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “மா, நான் தொட்டுட்டேன்” என்றாய். அடிக்கவில்லை, திட்டவில்லை. கூடையைத் தூக்கி வலது பக்கம் வைத்தேன், துணியை அவிழ்த்தேன், சாதாரணப் பழமாக விற்றேன். அன்று ராத்திரி உன் அப்பாவிடம், இந்தப் பையனை நம்பிக் கடையைக் கொடுக்கலாம் என்று சொன்னேன். அந்தப் பையனைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் உன்னிடம் நான் கேட்டேன், தம்பி. மஞ்சள் கூடைக்கும் அடிக்கலாமா என்று நீ கேட்டபோது, தொட்டி மூடியைத் திறந்து முகர்ந்தேன். லேசாக வினிகர் வாசம் வந்தது. இதில் என்ன இருக்கிறது என்றேன். இயற்கையான பொருள், சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது என்றாய். நான் அதோடு விடவில்லை. “சைவமா?” என்று கேட்டேன். துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே, “ஆமா மா, சைவந்தான்” என்றாய். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய்த்தான் வந்தவர்கள் எல்லாரிடமும் நான் விற்றேன். ஏன் பழம் இப்படி மின்னுகிறது என்று கமலம் அக்கா கேட்டார். “என் மகன் செய்யறது, அக்கா. சுத்த சைவம்” என்றேன். உன்னையும் சேர்த்துச் சொன்னேன், பெருமைக்கு.

இதை நான் கண்டுபிடிக்கவே இல்லை. ஆ செங் வந்து சந்தோஷமாகச் சொன்னார். நிபோங் திபாலில் இறால் உரிக்கும் கொட்டகை வைத்திருக்கிறாரே, உன் புதுக் கூட்டாளி, அவர்தான். பூசம் முடிந்த மறு வாரம் ஐஸ் பெட்டி நிறைய பெரிய இறாலோடு வந்து இறங்கினார். எதற்கு இது என்று கேட்டேன். பாசாரில் பழகிய அவருடைய தமிழில், “அக்கா, உங்க மகன் ரொம்ப கெட்டிக்காரன் லா. நாங்க குப்பையில போடுற ஓடு. அவன் சொல்லி நான் பவுடர் பண்ணினேன். இப்ப உங்க எலுமிச்சங்காய் மேல ஏறி சாமிகிட்ட போயிருச்சு!” என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த மனிதருக்கு அது பெருமை. நான் சிரித்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன், அவர் லோரி முனை திரும்பும் வரை வாசலிலேயே நின்றேன். உள்ளே வந்து நீ வரும் வரை காத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் நீ சொன்னது ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. அதற்குப் பெயர் கைட்டோசான் என்றாய். கழுவி, காய்ச்சி, சுத்தம் செய்த பிறகு அதில் கறியும் இல்லை, கவிச்சியும் இல்லை, வெறும் நார் மாதிரி என்றாய். எலுமிச்சையை யாரும் தின்னப் போவதில்லை, முதுகில்தானே தொங்குகிறது என்றாய். அந்த மஞ்சள் கூடையில் கொய்யாவும் மாம்பழமும் இருந்தனவே, அவற்றையும் முதுகிலா தொங்கவிட்டார்கள்? இறால் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடிக்கிறவன் ஒருவன் அதைத் தின்றிருந்தால் என்று கேட்டேன். அப்படி ஆகாது என்றாய். யார் சொன்னது என்று கேட்டேன். கடைசியில் உன் வாயாலேயே ஒன்று வந்தது. காளானிலிருந்தும் இதே பொருளை எடுக்கிறார்கள், விலை அதிகம், அதற்கு ஆர்டர் கொடுத்திருந்தேன், பூசத்துக்குள் வந்து சேரவில்லை, அதனால்தான் இதை அடித்தேன் என்றாய். தம்பி, நான் பெரிய படிப்புப் படிக்காதவள். ஆனால் எதிரில் நிற்பவன் எதை மறைக்கிறான் என்று பார்த்துப் பார்த்தே வயிறு வளர்த்தவள். இறால் ஓடு சைவம் என்று நீ உண்மையிலேயே நம்பியிருந்தால் காளானுக்கு ஏன் ஆர்டர் கொடுத்தாய்? உனக்குத் தெரியும். தெரிந்துதான் என் கண்ணைப் பார்க்காமல் துப்பாக்கியைத் துடைத்தாய்.

காளான் வந்து சேரவில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தால் மஞ்சள் கூடையைப் பூச்சில்லாமல் விற்றிருப்பேன். கொஞ்சம் வாடியிருக்கும், கொஞ்சம் நஷ்டம் வந்திருக்கும், அடுத்த வாரமே மறந்திருப்பேன். நீ என் பொருளைத் திருடியிருந்தால் பிள்ளைதானே என்று விட்டிருப்பேன். என் வாயை எடுத்து உபயோகித்துவிட்டாய். இத்தனை வருஷம் நான் ஒருத்தியாகச் சேர்த்த சொல்லை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் செலவு செய்துவிட்டாய். யாருக்கும் தெரியப் போவதில்லை, நீங்களாக ஏன் போய்ச் சொல்கிறீர்கள் என்று கேட்டாயே, அதுதான் என்னை உட்கார விடவில்லை. யாருக்கும் தெரியாது என்பதை வைத்துத் தொழில் செய்கிறவனுக்கு நான் கடையைக் கட்டவில்லை.

உன் அப்பாவிடம் யோசனை கேட்டேன். “பஸ் ஓட்டுனவன்கிட்ட பழத்தப் பத்திக் கேக்காத” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே மோட்டார் சைக்கிளைத் துடைத்து வெளியே நிறுத்தினார். அதிலேயே கமலம் அக்கா ஃப்ளாட்டுக்குப் போனோம். சரவணன் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூங்கப் போனவன், எங்கள் குரல் கேட்டு எழுந்து வந்தான். உன்னோடு தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், என்னை இன்னமும் ஆன்ட்டி என்று ஆசையாகக் கூப்பிடுகிறவன். மோட்டாரில் லோரியோடு மோதி இனி நடப்பானா என்று கிடந்தவன். நடந்தால் மூன்று வருஷம் காவடி எடுக்க வைக்கிறேன் என்று அவன் அம்மா வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும். மருத்துவமனைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். இந்தப் பூசத்தோடு மூன்றாவது வருஷம் முடிந்தது. தண்ணீர்மலைக் கோயில் படியில் அவன் காலை ஊன்றி ஊன்றி ஏறினபோது கீழே நின்று நீயும் கும்பிட்டாய். அவன் முதுகில் தொங்கியது என்ன என்று அந்தக் கூட்டத்தில் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

நான் சொல்லி முடித்ததும் முதலில் பேசியது சரவணன்தான். “அதானா ஆன்ட்டி, இந்த வருஷம் பழம் அப்படி மின்னுச்சு? வெள்ளைக்காரனெல்லாம் நிறுத்தி நிறுத்திப் போட்டோ புடிச்சான்” என்று சிரித்தான். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். கமலம் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்.

“உங்க மகனுக்குத் தெரியுமா?”

“தெரியும், அக்கா.”

“இவனுக்கு இது மூணாவது வருஷம்னு தெரியுமா?”

“தெரியும்.”

பிறகு அவர் எழுந்து போய் எங்களுக்குக் கோப்பி கலக்கிக் கொண்டுவந்தார். திட்டியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். சரவணன்தான் அவரைச் சமாதானம் செய்யப் பார்த்தான். “விடுங்கம்மா, முருகன் என்ன லேப் வெச்சா பாக்கப் போறாரு?” என்றான். அதற்கு அவர், “அவரு பாக்கமாட்டாரு. நான் பாப்பேன்” என்றார். அடுத்த பூசத்துக்கு அவன் மறுபடி காவடி எடுப்பான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அந்தப் பையன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, தம்பி. ஆறிக்கொண்டிருந்த முதுகைச் சுவரில் சாய்க்காமல் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினான்.

கமலம் அக்கா இனி நம் கடைப் படி ஏறமாட்டார் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். “பழம் உங்ககிட்டதான் வாங்குவேன்” என்றார்.  “வேற கடைக்குப் போனா, அவன் என்னத்த அடிச்சான்னு என் வீடு தேடி வந்து யாரு சொல்லுவா?” என்றார். அந்த வார்த்தைக்கு நான் அவர் வீட்டு வாசலிலேயே அழுதேன். உன் அப்பா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் கமலம் அக்கா தன் நிபந்தனைகளைச் சொன்னார். அதில் ஒன்று உன்னைப் பற்றியது.

நீ ஆ செங்கோடு தொழில் செய், நான் தடுக்கவில்லை. இறால் ஓட்டிலிருந்து செய்தது என்று பெட்டி மேல் பெரிய எழுத்தில் போட்டு விற்றால் வாங்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெளியூருக்கு மாம்பழம் அனுப்புகிறவன் ஓடி வருவான். உன் சரக்கில் ஒரு குறையும் இல்லை. வாங்குகிறவன் எதைக் கேட்கிறான் என்று தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் பொய் சொல்கிறவனை எந்த மிஷினும் காப்பாற்றாது என்பது ஒன்றுதான் நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி. மிஷின் இங்கேயே ஓடும். காளான் பவுடர் வந்து சேர்ந்தது, பின்னறையில் பிரிக்காமல் இருக்கிறது. மஞ்சள் கூடையில் வாங்கின எல்லாருடைய வீடும் எனக்குத் தெரியாது. அதனால் இந்தக் கடிதத்தின் நகலைக் கல்லாவுக்கு மேலே ஒட்டப் போகிறேன். படிக்கிறவர்களில் சிலர் வாங்காமல் திரும்பிப் போவார்கள். போகட்டும். உனக்கு அவமானமாக இருக்கும் என்று தெரியும். எனக்கும்தான்.

கமலம் அக்கா உன் பெயரைச் சொன்னபோது, அவனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று உன் அப்பா இழுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். என்னைக் கேட்காமல் நீ என் வாயால் ஒரு சொல் கொடுத்தாய். உன்னைக் கேட்காமல் நான் உனக்காக ஒரு சொல் கொடுத்திருக்கிறேன். அதைக் காப்பாற்றுவதும் விடுவதும் இனி உன் கையில்.

அடுத்த பூசத்துக்கு என்று பேசி முடித்தது இது. எலுமிச்சம்பழம் நூற்றெட்டு, எந்தப் பூச்சும் இல்லாமல். ஒன்று ஐம்பது காசு, இந்த வருஷ விலையேதான், சந்தையில் எவ்வளவு ஏறினாலும். பூசத்துக்கு முந்தின நாள் காலையில் பாலிக் புலாவ் தோட்டத்தில் நீயே நின்று பறித்தது. அதற்கு முன் ஒரு மண்டலம் நீ விரதம் இருந்திருக்க வேண்டும், இருந்தாயா என்று கமலம் அக்கா உன் முகத்தைப் பார்த்துக் கேட்பார், நீ அவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். உன் கையால் கழுவி, மஞ்சள் கூடையில் வைத்து, நாலாவது மாடிக்கு நீயே தூக்கிக்கொண்டு போய்ச் சரவணன் கையில் கொடுப்பது. தூக்குக் கூலி கிடையாது.

அம்மா